பாப்பூ பேசாத போர்

என் கணவரின் தாத்தாவை வீட்டில் எல்லாரும் பாப்பூ என்றே கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். மெல்பேணில் ஓக்லியின் கிரேக்கக் கடைத்தெருவுக்குப் பின்னால் அவருடைய வீடு. நான் மருமகளாகப் போனபோது எண்பது வயது கடந்திருந்தார். மழை நாளில் யார் உள்ளே வந்தாலும் முதலில் காலைத்தான் பார்ப்பார். ஈரச் சப்பாத்தை வாங்கி, பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி உள்ளே திணித்து, அடுப்படிச் சுவரோடு சாய்த்து வைப்பார். அவருடைய இடது பாதத்தில் பெருவிரல் மட்டும்தான் இருந்தது.

மற்ற நான்கையும் அல்பேனிய மலைப்பனி தின்றது. 1940 ஒக்டோபர் 28 விடியுமுன் முசோலினியின் தூதர் கிரேக்கப் பிரதமர் மெத்தாக்சாஸின் வீட்டுக்குப் போய், இத்தாலியப் படைக்கு வழிவிடச் சொன்னார். மெத்தாக்சாஸ் மறுத்தார். சண்டை அன்றே தொடங்கியது. கிரேக்கர்கள் இத்தாலியரை அல்பேனியாவுக்குள் திருப்பித் துரத்தி, நவம்பர் 22இல் கோர்ச்சா நகரைப் பிடித்தார்கள். எபிரஸ் மலைக் கிராமத்துக்காரரான பாப்பூ வெற்றியைப் பற்றி அதிகம் சொல்லமாட்டார். பிண்டஸ் மலையில் வெடிமருந்துப் பெட்டிகளை முதுகில் கட்டி ஏறிய ஊர்ப் பெண்களைப் பற்றிச் சொல்வார். அவருடைய தாயும் அவர்களில் ஒருத்தி. நனைந்த சப்பாத்தை நாட்கணக்கில் கழற்றாமல் கிடந்து, கடைசியில் கழற்றியபோது வலியே தெரியாததைக் கண்டு பயந்ததைச் சொல்வார்.

ஏதென்ஸ் மருத்துவமனையில் விரல்களை எடுத்தார்கள். 1941 ஏப்ரல் 27இல் ஜேர்மன் படை அந்த நகரத்துக்குள் வந்தது. அடுத்து வந்த குளிர்காலம் முழுக்கப் பஞ்சம். தெருவில் விழுந்தவர்களை நகரசபை வண்டிகள் அள்ளிக்கொண்டு போயின. “செத்தவரை வெளியில் சொல்லமாட்டார்கள், பிள்ளை. சொன்னால் அவருடைய பங்கீட்டு அட்டை போய்விடும்” என்றார். சாப்பாடு முடிந்ததும் மேசைத் துணியில் சிந்திய பாண் துகள்களை விரல்நுனியால் ஒற்றி ஒற்றி வாயில் போட்டுக்கொள்வார்.

1995 ஒக்டோபர் 30 இரவு, போர் நெருங்கி வர, மழைக்குள் யாழ்ப்பாணத்தை விட்டு நாவற்குழிப் பாலத்தால் நடந்த சனத்தில் நானும் ஒருத்தி. அதைச் சொன்னபோது அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “காலில் என்ன போட்டிருந்தாய்?” வெறுங்கால் என்றேன். அன்றிலிருந்து என்னோடு மனம்விட்டுப் பேசினார்.

ஆனால் 1946 முதல் 1949 வரை கிரேக்கர் கிரேக்கரைக் கொன்ற போரைப் பற்றி என்னிடமும் வாய் திறக்கவில்லை. ஏப்ரல் 25, அன்சாக் தினத்தில், பதக்கங்களைக் குத்திக்கொண்டு அவுஸ்திரேலியப் பழைய வீரர்களோடு நடப்பார். 1941இல் அவர்களும் கிரேக்கத்துக்கு வந்து ஜேர்மனியரோடு சண்டையிட்டவர்கள். அவர் சொல்லாததை மாமியார்தான் சொன்னார். பாப்பூவின் தம்பி இடதுசாரிப் படையில் இருந்திருக்கிறார். 1949 ஓகஸ்டில் கிராமோஸ் மலை வீழ்ந்ததும் அல்பேனியாவுக்குள் ஓடி, ஆயிரக்கணக்கானவர்களோடு தாஷ்கந்து போய்ச் சேர்ந்தார். கிரேக்கத்தில் அப்போது அரச வேலைக்கும் கடவுச்சீட்டுக்கும், இவர் விசுவாசமானவர் என்று பொலிஸ் தரும் சான்றிதழ் வேண்டியிருந்தது. நாட்டுக்காகக் கால்விரல்களை இழந்தவருக்குத் தம்பியின் பெயரால் அந்தத் தாள் வருடக்கணக்கில் கிடைக்கவில்லை. இதை எழுதும்போது இப்போதும் எனக்கு நெஞ்சு எரிகிறது. பிறகு அவுஸ்திரேலியாவுக்குக் கப்பல், பொனெகில்லா குடியேறிகள் முகாம், ஓய்வு பெறும்வரை கார்த் தொழிற்சாலை.

இறப்பதற்கு முந்தைய குளிர்காலத்தில் தானாகவே சொன்னார்: “எங்கள் ஊரில் இரண்டு பேர். அல்பேனியாவில் ஒரே குழிக்குள் படுத்துக் கிடந்தவர்கள். எட்டு வருடம் கழித்து ஒருவன் மற்றவனைச் சுட்டான். இரண்டு தாய்மாரும் ஒரே கிணற்றில்தான் தண்ணீர் அள்ளினார்கள்.” சுட்டவன் யாருடைய ஆள் என்று நான் கேட்கவில்லை. என் சித்தப்பாவும் 1986இல், தமிழ் இயக்கங்கள் ஒன்றையொன்று சுட்ட நாட்களில், எங்கள் ஒழுங்கை முகப்பில் கொல்லப்பட்டவர். அந்த வருடம் முழுக்க எங்கள் வீட்டில் யாரும் அவருடைய பெயரைச் சொல்லவில்லை.

அரசு கொள்ளைக்காரர் போர் என்று குறித்துவந்ததை, உள்நாட்டுப் போர் என்று சட்டத்தில் எழுதக் கிரேக்கத்துக்கு 1989 வரை பிடித்தது. அதற்குள் தம்பி தாஷ்கந்தில் இறந்துவிட்டார். எங்களுக்கும் ஏறக்குறைய அவ்வளவு காலம் ஓடிவிட்டது. 1986ஐக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். எந்தப் பக்கத்தில் நின்றவர்களானாலும், எழுதிவையுங்கள்.