எதற்காகக் காத்திருக்கிறது இந்தக் கணினி?

“அண்ணா, இதுல கேம் ஓடுமா?” பழைய டெஸ்க்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது இதைத்தான். அளந்து பார்க்காமல் நான் பதில் சொல்வதில்லை. பெஞ்ச்மார்க் ஓடி முடிந்ததும் திரையில் வரும் ஒற்றை எண்ணையும் பதிலாக எடுத்துக்கொள்வதில்லை. கணினிக்குள் எந்த உறுப்பு எந்த உறுப்புக்காகக் காத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் அளக்கிறோம். அது தெரிந்துவிட்டால் எதற்குச் செலவழிக்கலாம், எதற்கு வேண்டாம் என்பதும் தெளிவாகிவிடும்.

நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிவிநாடி. என்ன வரைய வேண்டுமென்று பிராசஸர் கணக்குப் போட்டுக் கொடுக்கும். கிராபிக்ஸ் அதை வரையும். பந்தியில் சமையல் எவ்வளவு வேகமாக நடந்தாலும், பரிமாற ஒரே ஆள்தான் என்றால் இலை காத்திருக்கும். இங்கும் அதே கணக்குதான். இரண்டில் எது மெதுவோ அதன் வேகமே கணினியின் வேகம்.

அதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரே விளையாட்டின் ஒரே காட்சியை 1920×1080-இல் ஒருமுறை, 1280×720-இல் ஒருமுறை ஓட்ட வேண்டும். வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே குறைந்துவிடுகின்றன. ஃபிரேம் வேகம் நன்றாக ஏறினால், அதுவரை திணறியது கிராபிக்ஸ். ஏறாமல் அப்படியே நின்றால் பின்தங்குவது பெரும்பாலும் பிராசஸர். அந்த நிலையில் எவ்வளவு விலை கொடுத்து கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டாலும் அந்த விளையாட்டு வேகம் பிடிக்காது.

சோதனைக்கு முன்னால், ஃபிரேம்களை மானிட்டரின் வேகத்தோடு கட்டிப்போடும் விசிங்க்கை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மானிட்டரின் 60-லேயே எண் முட்டி நின்றுவிடும். பின்னணியில் அப்டேட் எதுவும் ஓடக் கூடாது. முதல் ஓட்டத்தை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எல்லாம் ரேமுக்கு வந்து சேர்வதிலேயே அது போய்விடும். அறையின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்வேன். ஹீட்சிங்க்கில் தூசி அடைத்து, தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோன கணினி, மார்கழி இரவில் கொடுக்கும் வேகத்தைச் சென்னையின் மே மாத மதியத்தில் கொடுக்காது. சூடு ஏறியதும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் சுத்தம் செய்வதற்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை என்று இரண்டு அளவும் வேண்டும்.

2011-இல் வந்த இன்டெல் கோர் ஐ5-2400 இன்றும் பல மேசைகளில் உழைக்கிறது. அதிலேயே அடங்கியிருக்கும் எச்டி கிராபிக்ஸ் 2000-க்குத் தனி நினைவகம் கிடையாது, ரேமைத்தான் பங்குபோட்டுக்கொள்கிறது. டிடிஆர்3-1333 ரேம் ஒன்று மட்டும் இருந்தால் நொடிக்கு ஏறத்தாழ 10.7 ஜிபி தரவுதான் போய்வர முடியும். சேனலுக்கு ஒன்றாக இரண்டு போட்டால் அந்த வழி இரட்டிப்பாகும். கார்டே வாங்காமல் பழைய ரேம் ஒன்றைச் சேர்த்ததும் ஃபிரேம் வேகம் ஏறுவதைப் பார்ப்பது இந்தத் தொழிலின் பெரிய மகிழ்ச்சிகளில் ஒன்று.

கார்டு போடுவதென்றாலும் மதர்போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டை அறிந்து போட வேண்டும். 2014-இல் வந்த ஜிடிஎக்ஸ் 750 டிஐ 60 வாட்தான் கேட்கும். ஸ்லாட்டே 75 வாட் வரை கொடுத்துவிடும் என்பதால், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி வயர் இல்லாமலே அந்த வகைக் கார்டுகள் பல ஓடும். 2022-இன் ரேடியான் ஆர்எக்ஸ் 6400-உம் ஸ்லாட் மின்சாரத்திலேயே ஓடும். ஆனால் ஸ்லாட்டில் தரவு போய்வரும் பாதைகளான லேன்களில் நான்கை மட்டுமே அது பயன்படுத்துகிறது. பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0-இல் நொடிக்கு ஏறத்தாழ 8 ஜிபி கடத்தும் அந்த நான்கு லேன்கள், 2.0 ஸ்லாட்டில் 2 ஜிபியாகச் சுருங்கிவிடும். கார்டின் நினைவகம் நிரம்பி ரேமை நாடும் விளையாட்டுகளில் இந்தக் குறுகலான வழி நன்றாகவே தெரியும்.

சராசரியை மட்டும் நம்பவும் கூடாது. ஒரு நொடியில் 50 ஃபிரேம்கள் தலா 16 மில்லிவிநாடியில் வந்து, ஒரே ஒரு ஃபிரேம் 200 மில்லிவிநாடி எடுத்தால் கணக்கு 51 ஃபிரேம் என்று சொல்லும்; கண்ணுக்கு ஒரு வெட்டு தெரியும். ஒவ்வொரு ஃபிரேமின் நேரத்தையும் பார்க்க வேண்டும் என்று 2011-இல் ‘தி டெக் ரிப்போர்ட்’டில் ஸ்காட் வாசன் எழுதியது இந்தத் துறையின் பார்வையையே மாற்றியது. இன்று லினக்ஸில் மேங்கோஹட், விண்டோஸில் கேப்ஃபிரேம்எக்ஸ் அந்த நேரங்களைப் பதிவு செய்து கொடுக்கின்றன.

எண்ணோடு படத்தையும் பார்க்க வேண்டும். 2001-இல் ஏடிஐ ரேடியான் 8500-இன் டிரைவர், ஓடுவது க்வேக் 3 என்று கோப்பின் பெயரைக் கொண்டு அறிந்து, படத்தின் தரத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டியது. பெயரை ‘க்வாக்’ என்று மாற்றி ஓட்டியபோது வேகம் இறங்கியது. விஷயம் வெளியே வந்தது.

வேலை முடிந்ததும் தேதி, டிரைவர் பதிப்பு, அறை வெப்பம், இரண்டு ரெசல்யூஷன்களிலும் வந்த ஃபிரேம் நேரங்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி கேபினெட்டின் உள்பக்கம் ஒட்டிவிடுகிறேன். அடுத்து அதைத் திறப்பவர் யாராக இருந்தாலும், கணினி பழுதாகி மெதுவானதா, விளையாட்டுகள் கனமாகிவிட்டனவா என்று பிரித்தறிய அந்த ஒரு தாள் போதும்.