திருடனுக்கு வக்கீலா?

சென்ற மாதம் என் மகளின் ஏழாம் வகுப்பில் மாதிரி நீதிமன்றம் நடத்தினார்கள். காணாமல் போன பேனா வழக்கு. கூண்டில் நிற்கும் பையனுக்கு இவள்தான் வக்கீல்.

"திருடனுக்கு நான் ஏம்மா பேசணும்?" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக் கொண்டாள்.

"திருடன்னு இன்னும் யாரும் நிரூபிக்கலையேடி!" என்றேன். கைதானவர் வக்கீல் வைத்துக் கொள்ளலாம் என்று நம் அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவே சொல்கிறது. வசதியில்லாதவருக்கு 1987-ம் வருஷச் சட்டப்படி இலவச வக்கீலும் உண்டு.

மேடையில் சாட்சியிடம் ஒரே கேள்விதான் கேட்டாள்: "அவன் எடுத்ததைப் பார்த்தியா, கையிலே பேனா இருந்ததைப் பார்த்தியா?" சாட்சி திருதிருவென்று விழித்தான். விடுதலை! (நீதிபதிக்குக் கறுப்புக் கோட்டு முழங்கால் வரை தொங்கியது.)

போன வாரம் வீட்டில் ஐநூறு ரூபாயைக் காணோம். "வேலைக்காரியைத் தவிர யாரு?" என்று மாமியார் ஆரம்பித்தார்.

"நீங்க பார்த்தீங்களா, பாட்டி?" என்றாள் இவள்.

பணம் இன்னும் கிடைக்கவில்லை. அந்தப் பெண் வழக்கம்போல் வேலைக்கு வருகிறாள்.