துரினி மலைப்பாதையிலே

நீஸ் நகரத்துக் கடற்கரையைக் கண்டு திரும்புவோர் பலர். அந்நகரின் முதுகுப்புறத்திலே எழுந்து நிற்கும் மலைகளைக் காண்போர் மிகச் சிலரே. காலையிலே மத்தியதரைக் கடலிற் கால் நனைத்த ஒருவர், பகற்பொழுது சாயுமுன் ஊசியிலைக் காட்டின் நடுவே குளிருக்குக் கம்பளிச் சட்டை தேடி நிற்கலாம். பிரான்ஸ் தேசத்தின் தென்கிழக்கு மூலையிலே கடலும் அல்ப்ஸ் மலையும் அவ்வளவு நெருங்கிக் கிடக்கின்றன. அம்மலைகளிலே 1607 மீற்றர் உயரத்திலுள்ள துரினிக் கணவாய்க்குச் செல்வதென்று சென்ற புரட்டாதி மாதத்தில் நாங்கள் மூவர் புறப்பட்டோம். நமது நுவரெலியாவைவிடச் சற்றுத் தாழ்ந்த உயரந்தான். ஆயின் வளைவுகளின் எண்ணிக்கையிலே நுவரெலியாப் பாதை அதற்குத் தோற்றுவிடும்.

மூவருள் மூத்தவர் என் சித்தப்பா. யாழ்ப்பாணத்திலே மோட்டார்த் திருத்துநராக வாழ்ந்து, 1997ஆம் ஆண்டு பிரான்சுக்கு வந்து சேர்ந்தவர். வண்டியைச் செலுத்தியவர் அவருடைய மகன். அவ்வண்டி 1988ஆம் ஆண்டுக்குரிய றெனோ 5 ஜீ.ரீ. டேர்போ. சிறிய கார், எடை ஒரு தொன்னுக்கும் குறைவு. 1397 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள அதன் எஞ்சினின் பூர்வீகம் 1962இல் வந்த பழைய குடும்பத்து எஞ்சின் என்றால் நம்புவது கடினம். அந்த வயோதிப எஞ்சினுக்கு டேர்போ என்னும் காற்றூதியைப் பூட்டி 120 குதிரைவலு பெற்றார்கள். 1989இல் ஐவரி கோஸ்ட் தேசத்து உலகப் பந்தயத்திலே அலன் ஒரேய் என்பவர் இவ்வகைக் காரிலேயே முதலாவதாக வந்தார்.

துரினிக் கணவாய் மோட்டார்ப் பிரியர்களுக்கு ஒரு யாத்திரைத் தலம். மொண்டே கார்லோ பந்தயத்திலே தை மாதக் குளிரில், பனி படர்ந்த இப்பாதையை இரவு வேளையிலே கார்கள் விளக்கொளி வீசிக் கடந்தமை பெரும் புகழ் பெற்றது. 1981இல் அப்பந்தயத்தை ஜான் ரன்யொத்தி வென்றது றெனோ 5 டேர்போவிலே. பெயர் ஒன்று போலிருந்தாலும் அது வேறு பிறவி. அதன் எஞ்சின் ஆசனங்களுக்குப் பின்னால் இருந்தது, பெற்றோலும் அதற்குப் பீச்சுமுறையாற் சென்றது. எங்கள் வண்டியிலோ எஞ்சின் முன்னால். பெற்றோல் ஊட்டுவது காபுரேற்றர். அன்றைய பயணத்தின் கதையெல்லாம் அந்தக் காபுரேற்றருக்குள்ளே நடந்தது.

லெஸ்கரேன் என்னும் ஊரைத் தாண்டியதும் பிறவுஸ் கணவாய்க்கு ஏற்றம் தொடங்குகிறது. வெயில் நன்றாக எறித்தது. கொண்டையூசி வளைவுகள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கியவாறு போக, வண்டி உறுமிக்கொண்டு ஏறிற்று. 1002 மீற்றர் உயரத்து உச்சியிலே நிறுத்தி இறங்கினோம். அங்கே றெனே வியேத்தோ என்னும் புகழ்பெற்ற சைக்கிளோட்ட வீரரின் நினைவுக்கல் உண்டு. கல்லையும் பள்ளத்தாக்கையும் பார்த்துவிட்டு அரைமணி நேரத்தின்பின் சாவியைத் திருப்பினால், எஞ்சின் சுழன்றதேயன்றி உயிர் பெறவில்லை. பெற்றோல் மணம் மூக்கைத் துளைத்தது.

“வெள்ளம் போட்டிட்டுது. அக்சிலேற்றரை அடிவரை மிதிச்சுக்கொண்டு சுத்து. விட்டு விட்டு மிதியாதை,” என்றார் சித்தப்பா. அவ்வாறு மிதித்தால் காற்று வாயில் முழுதுந் திறந்து, எஞ்சினுள்ளே மிஞ்சிக் கிடக்கும் பெற்றோலை வெளியேற்றிவிடும். நாலைந்து விநாடியிலே கரும்புகை கக்கிக்கொண்டு எஞ்சின் எழுந்தது.

“சூடப்பா. இந்த வண்டிகளுக்கு இது வழமை,” என்றார் மகன்.

அவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. டேர்போ என்பது எஞ்சின் கழிக்கும் புகையினாலேயே சுழலும் விசிறி, நிமிடத்துக்கு ஓர் இலட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும், சூடு கடுமையானது. வண்டியை நிறுத்தியதும் ஓடிவரும் காற்று நின்றுபோக, அச்சூடு காபுரேற்றருக்கு ஏறி, அதன் கிண்ணத்திலுள்ள பெற்றோலைக் கொதிக்கவைத்து எஞ்சினுக்குள் வழியவிடும். பழைய டேர்போ வண்டி வைத்திருப்போர் எல்லோரும் அறிந்த தொல்லை இது.

பிறவுசிலிருந்து மறுபுறம் இறங்கினால் சொஸ்பெல். பெவேரா நதியின் இரு கரையிலும் பரந்த பழைய ஊர். நதிக்குக் குறுக்கே, நடுவிலே கோபுரம் தாங்கிய மத்தியகாலப் பாலம் ஒன்று நிற்கிறது. இரண்டாம் உலக யுத்தத்திலே சிதைந்து, பின்னர் முன்போலவே கட்டப்பட்டது. யுத்தத்தில் இடிந்த தன் ஊரை நினைத்தாரோ என்னவோ, சித்தப்பா அப்பாலத்தின் கற்களைக் கையாற் தடவிப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். வண்டியின் முன்மூடியைத் திறந்து நிழலில் விட்டு, ஆறுதலாக உணவருந்தினோம். இரண்டு மணி நேரத்தின்பின் புறப்பட முயன்றால் மீண்டும் அதே வெள்ளம். மீண்டும் அதே கரும்புகை.

“இரண்டு மணித்தியாலம் ஆறின எஞ்சினுக்கு என்ன சூடு, தம்பி?” என்று கேட்டார் சித்தப்பா.

மகன் மறுமொழி சொல்லவில்லை. தந்தை அறிந்தது ஒஸ்ரின், மொறிஸ் காலத்துக் காபுரேற்றர் என்பது அவருடைய எண்ணம். முன்னொருநாள் என்னிடம் அதை வாய்விட்டே சொல்லியிருந்தார். அவ்வெண்ணம் சித்தப்பாவுக்கும் தெரியாததன்று.

சொஸ்பெலிலிருந்து துரினிக்கு 24 கிலோமீற்றர். பாதை பெவேரா நதியின் ஒடுங்கிய மலைப்பிளவுக்குள் நுழைகிறது. ஒருபுறம் செங்குத்தான பாறை. மறுபுறம் கீழே நீரோசை. அவ்விடத்திலே வேகமாகச் செல்ல இயலாது. வண்டி இருமத் தொடங்கிற்று. பாறைமேல் அமர்ந்த மெனூர் மாதா கோவிலுக்குச் செல்லும் பாலம் சாலைக்கு மேலாகக் குறுக்கே போகிறது. ஏறக்குறைய அதன் நிழலை அடைந்தபோது எஞ்சின் முற்றாக நின்றுவிட்டது. மகன் மறுபடியும் சாவிக்குக் கை கொண்டுபோனார்.

“விடு! சாவியைத் தொடாதை,” என்று சித்தப்பா உரத்துச் சொன்னார். முன்மூடியின் இடுக்கால் பெற்றோல் ஆவி எழுவதை அவர் கண்டுவிட்டார். கீழே டேர்போவின் இரும்பு அனலாக இருக்கிறது. அதன்மேற் சொட்டினால் வண்டி மட்டுமா எரியும்? எங்களை இறக்கித் தூர நிற்கவைத்து, பற்றறியின் கம்பியைத் தாமே கழற்றிவிட்டு, ஒரு மணி நேரம் ஒன்றுஞ் செய்யாமல் மதிற்கட்டிலே அமர்ந்திருந்தார்.

அந்த ஒரு மணி நேரத்திலேதான் அவர் யாழ்ப்பாணத்துக் கதை சொன்னார். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையினால் அங்கே பெற்றோல் அருமருந்தாகிவிட்டது. மண்ணெண்ணெயிலே கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினிலே எளிதில் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலிற் சில துளியைக் காபுரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, அது சூடேறியபின் மண்ணெண்ணெயிற் செல்லவேண்டும். ஒரு துளி கூடினாலும் நட்டம். “அந்தக் காலத்திலை ஒவ்வொரு துளியும் எங்கை போகுதெண்டு பாத்தனாங்கள்,” என்றார். மகனுக்கு இக்கதை புதிது போலும். தந்தையின் பக்கத்திலே வந்து அமர்ந்துகொண்டார்.

வீட்டுத் தண்ணீர்த் தாங்கியிலே மிதவைப் பந்து ஒன்று உண்டல்லவா? நீர் நிரம்பியதும் பந்து உயர்ந்து குழாயை அடைக்கும். காபுரேற்றர்க் கிண்ணத்திலும் அதே ஏற்பாடுதான். மிதவை உயர்ந்து ஓர் ஊசியைத் தள்ளி, பெற்றோல் வரும் துவாரத்தை மூடும். டேர்போ வண்டியிலே ஒரு சங்கடம் கூடுதல். காற்றூதி காபுரேற்றருக்குள்ளேயே காற்றை அமுக்குகிறது. அதை எதிர்த்துப் பெற்றோல் உட்புகவேண்டுமானால், பெற்றோலின் அழுத்தம் எந்நேரமும் காற்றின் அழுத்தத்தைவிட ஏறக்குறைய கால் வளிமண்டலம் கூடுதலாக நிற்கவேண்டும். காற்று ஏற ஏறப் பெற்றோலழுத்தத்தையும் ஏற்றுவதற்கு ஒரு சீராக்கி உண்டு. அதன் உள்ளேயுள்ள றப்பர்ச் சவ்வு கிழிந்தால், அழுத்தம் அறியும் சிறு குழாய் வழியாகவே பெற்றோல் எஞ்சினுக்குள் ஓடிவிடும்.

எஞ்சின் கைபொறுக்குமளவுக்கு ஆறியதும் சித்தப்பா முதலிற் கழற்றியது அச்சிறு குழாயைத்தான். முகர்ந்தார், விரலிட்டுப் பார்த்தார். உலர்ந்திருந்தது. சவ்வு நலம். பின்னர் காபுரேற்றரின் மேலுள்ள காற்றுப் பெட்டியை அகற்றி, பற்றறிக் கம்பியைப் பூட்டி, மகனைக்கொண்டு ஒரே ஒரு விநாடி சுழற்றுவித்துவிட்டு உள்ளே நோக்கினார். சுழற்சி நின்றபின்னும் பெற்றோல் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. ஆறிப்போன எஞ்சினிலே பெற்றோல் கொதிக்க நியாயமில்லை. ஆகவே ஊசி மூடவில்லை என்பது உறுதியாயிற்று. ஏற்றத்திலே கடுமையாக இழுக்கும்போது எஞ்சின் மிகுதியைக் குடித்துவிடும். பள்ளத்தாக்கிலே மெல்லச் செல்லும்போது குடிக்க முடியாமல் மூழ்கும்.

கம்பியை மீண்டுங் கழற்றிவிட்டு மேல்மூடியைத் திறந்தார். மிதவையைக் காதருகே குலுக்கினார். உள்ளே பெற்றோல் புகுந்த ஓசையில்லை. ஊசியைக் கழற்றி வெள்ளைத் துணியிலே வைத்தபோது, எள்ளின் பாதியளவு கரிய துணுக்கொன்று அதன் நுனியில் ஒட்டியிருந்தது. நகத்தால் நசுக்கினார். றப்பர்.

“வடிகட்டி புதிசு. பிறகெப்படி வந்தது?” என்று மகன் கேட்டார். விடை வடிகட்டிக்கு அப்பாலுள்ள குழாயில் இருந்தது. வெளித்தோற்றத்திலே பழுதற்ற அக்குழாயின் உட்புறம் புழுத்த தோல் போல உரிந்துகொண்டிருந்தது. பத்து வீதம் எதனோல் கலந்த பெற்றோல் 2009 முதல் பிரான்சிலே விற்கப்படுகிறது. பழைய காலத்து றப்பருக்கு அது ஒத்துக்கொள்வதில்லை.

ஊசியும் அதன் இருக்கையும் ஊதித் துடைக்கப்பட்டுப் பூட்டப்பட்டன. திருப்பிய மாத்திரத்தே எஞ்சின் எழுந்தது, புகையில்லை, மணமுமில்லை. துரினி இன்னும் ஒரு மணி நேரப் பயணங்கூட இல்லை. மேலே போவோம் என்றார் மகன். போக வேண்டுமென்ற ஆசை எனக்கும் இருந்ததை மறைப்பானேன்?

“இறக்கத்திலை டேர்போ வேலை செய்யத் தேவையில்லை. ஏத்தத்திலை செய்யும், அந்த அழுத்தத்தை இந்தக் குழாய் தாங்காது. வெடிச்சால் நெருப்புக்கு மேலைதான் ஊத்தும்,” என்றார் சித்தப்பா. மகன் சிறிது நேரம் குழாயையே பார்த்திருந்தார். பிறகு வண்டியைத் திருப்பினார்.

அன்றிரவு சொஸ்பெலிலே தங்கினோம். மறுநாட் காலை அங்குள்ள ஒரு திருத்தகத்திலே எதனோல் தாங்கும் குழாயாகக் கேட்டு வாங்கி, மகனே அளந்து வெட்டிப் பூட்ட, சித்தப்பா அருகிருந்து பிடியிறுக்கிகளை மட்டும் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். மூலினே கிராமத்தைத் தாண்டியதும் காடு கவிந்தது, காற்றுக் குளிர்ந்தது. துரினி பெரிய ஊரன்று. சாலைகள் கூடும் சந்தி, சில விடுதிகள், உயரத்தைக் காட்டும் பலகை, சுற்றிலும் ஊசியிலை மரங்கள். அங்கிருந்து ஒத்தியோன் மேட்டுக்குப் போகும் சாலையிலே பாழடைந்த இராணுவக் குடியிருப்புகளைக் கண்டோம். 1945 சித்திரையிலும் அங்கே கடும் போர் நடந்தது. சித்தப்பா அங்கே வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை.

கணவாய்க்குத் திரும்பிவந்து கோப்பி அருந்த இறங்கினோம். அரைமணி நேரத்தின்பின் நாங்கள் வெளியே வந்தபோது, மகன் சாவியைத் தந்தையிடம் நீட்டினார். சித்தப்பா முன்மூடியைத் திறந்து, குழாயின் இரு முனையையும் முகர்ந்து, மூடியை அடித்துச் சாத்திவிட்டுச் சாரதி ஆசனத்தில் ஏறினார். முதற் சுழற்சியிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.