ஏவலும் மரியாதையும்

கட்டளையிடுவதற்குத் தமிழில் விகுதி எதுவும் வேண்டியதில்லை. நட, வா, இரு, சொல் என்று வினையடியே ஏவலாக நின்றுவிடும். விகுதி தேவைப்படுவது மரியாதைக்குத்தான். யாழ்ப்பாணப் பேச்சில் அதற்கு மூன்று படிகள்: நீ வா, நீர் வாரும், நீங்கள் வாங்கோ. நடுப்படியான ‘வாரும்’ தமிழகப் பேச்சில் பெரும்பாலும் மறைந்துவிட்டது. எங்களவர் வீடுகளில் கணவன் மனைவியை இன்றும் அப்படி அழைப்பதுண்டு.

ஸ்பானிய மொழியில் இதே வேலையைக் கடைசி உயிரொலி ஒன்று செய்துவிடுகிறது. ‘ஆப்லா’ என்றால் பேசு. ‘ஆப்லே’ என்றால் பேசுங்கள். ‘கோமே’ என்றால் சாப்பிடு. ‘கோமா’ என்றால் சாப்பிடுங்கள். ஒழுங்கான வினைகள் எல்லாவற்றுக்கும் இந்த விதி பொருந்தும்.

சிங்களத்தை நான் வகுப்பறையில் கற்கவில்லை. கல்கிசைக்கும் வெள்ளவத்தைக்கும் இடையே, காலி வீதி பஸ்களில் கற்றேன். ‘நகின்ன’, ‘பஹின்ன’, ‘இஸ்ஸரஹட்ட யன்ன’ என்று நடத்துநர் கூவுவார். ஏறுங்கள், இறங்குங்கள், முன்னே போங்கள். ‘ன்ன’ என்று முடிந்தால் மரியாதை. ‘கரன்ன’ என்றால் செய்யுங்கள். ‘கரபன்’ என்றால் செய்யடா. ‘போ’ என்பதற்குச் சொல்லே வேறு: ‘பலயன்’.

2009 வரை நீடித்த போர்க்காலத்தில் கொழும்புத் தமிழர்க்கு இந்த இலக்கணம் நன்றாகத் தெரிந்திருந்தது. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைத் திருப்பித் தரும் சிப்பாய் ‘யன்ன’ என்றால் மனம் இலேசாகும். ‘பலயன்’ என்றாலும் போகத்தான் விடுகிறான். ஆனால் அந்தச் சொல் வீடுவரை கூடவே வரும்.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் நான் சந்தித்த நம் பிள்ளைகள் சிலர் அம்மம்மாவைப் பார்த்து ‘இஞ்ச வா, இரு’ என்கிறார்கள். பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்வதில் நியாயமில்லை. வீட்டில் அவர்கள் காதில் விழும் தமிழ் பெரும்பாலும் ‘வா, சாப்பிடு, படி’ என்பதே. மேலிருந்து கீழே வரும் ஏவலை மட்டும் கேட்டவர்கள் அதைத்தானே திருப்பிச் சொல்வார்கள்?

இதற்கு ஊரில் பழைய வழியொன்று இருக்கிறது. நடை பழகும் குழந்தையிடமே ‘வாங்கோ, சாப்பிடுங்கோ, சொல்லுங்கோ’ என்று பேசுவார்கள். அது வெறும் செல்லமன்று. குழந்தை வாங்கிய சொல்லையே நமக்குத் திருப்பித் தரும் என்பதை அறிந்தவர்களின் ஏற்பாடு அது.