கூண்டு அன்று, கூடு

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் முதலிய எமது கரையோர முஸ்லிம் ஊர்களில் பூனை வளர்க்கும் வீடுகள் ஏராளம். நாய் வளர்க்கும் வீடுகள் மிகச் சில. ஆயினும் ஊருக்கு மேற்கே வயல் வட்டைகளிலும் மாட்டுப் பட்டிகளிலும் காவலுக்கு நாய் வேண்டும்.

பட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இரண்டு மாத நாய்க்குட்டியொன்றை வீட்டு வளவில் வளர்க்கத் தொடங்கினார். தடுப்பூசிக்காக மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. நானும் துணைக்குப் போனேன். முதலில் வந்த முச்சக்கர வண்டிச் சாரதி மறுத்துச் சென்றுவிட்டார். இரண்டாமவர் சிறிது யோசித்து, "காக்கா, கையில வெச்சிருந்தா ஏத்த ஏலா. எச்சில் பட்டா நான் தொழப் போறது எப்படி? கூட்டுக்குள்ள இருந்தா வாங்க" என்றார்.

அவர் பேச்சில் வெறுப்பு தொனிக்கவில்லை. எமது பகுதியில் பின்பற்றப்படும் ஷாபிஈ மத்ஹபின்படி நாயின் ஈரம் பட்ட இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும். அவற்றில் ஒன்று மண் கலந்த நீரால். இருபுறமும் உலர்ந்த நிலையில் பட்டால் அக்கடமை இல்லை. கால்நடை, பயிர், வேட்டை ஆகிய தேவைகளுக்கு நாய் வைத்திருக்க ஹதீஸ்களில் அனுமதி உண்டு. பழக்கிய வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தருவதை உண்ணலாம் என்று குர்ஆனின் 5ஆம் அத்தியாயம் 4ஆம் வசனம் கூறுகிறது. ஆகவே நாயைப் பழக்குவது எமக்கு அந்நியமான கலையன்று.

நண்பர் பலகையும் கம்பிவலையும் கொண்டு ஒரு கூடு செய்தார். குட்டி நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், கால் நீட்டிப் படுக்கவும் இடம் இருந்தால் போதும். விமானத்தில் பிராணிகளை ஏற்றும் பெட்டிக்கும் இதுவே அளவுகோல். மிகப் பெரிதானால் ஒரு மூலையில் சிறுநீர் கழித்து மறு மூலையில் உறங்கப் பழகிவிடும்.

முதல் சில நாட்கள் கதவு திறந்தே கிடந்தது. சோறும் மீனும் உள்ளே வைக்கப்பட்டன. குட்டி தானாகவே உள்ளே போய் உறங்கத் தொடங்கிய பின்னர்தான் கதவை மூடினார். முதலில் ஐந்து நிமிடம், பிறகு பத்து. அது பயந்து அலறினால் மறுநாள் நேரத்தைக் குறைத்தார். அந்த வயதுக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க இயலாது. எனவே விழித்தவுடனும் உண்டவுடனும் வெளியே விட்டார். பிள்ளைகளிடம் அவர் கண்டிப்பாகச் சொன்னது ஒன்றுதான்: தண்டனையாக அதனை உள்ளே அடைக்கக் கூடாது.

இரண்டு வாரங்களின் பின் அதே சாரதியை அழைத்தோம். வாந்தி எடுக்காதிருக்கச் சில மணி நேரம் முன்பே உணவு நிறுத்தப்பட்டிருந்தது. சாரதி ஆசனத்தில் பொலித்தீன் விரித்து, கூடு ஆடாதபடி கயிற்றால் கட்டினார். காற்றோட்டத்துக்காக வலைப்பக்கங்கள் மறைக்கப்படவில்லை. பழகிய இடத்தில் இருந்ததால் குட்டி வழியெல்லாம் உறங்கியது. வைத்தியரிடம் காத்திருந்தபோது கூட்டை வேப்ப மர நிழலில் இறக்கி வைத்தோம். வெயிலில் நிற்கும் மூடிய வாகனத்தில் எந்தப் பிராணியையும் விட்டுச் செல்லலாகாது.

விசர்நாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் மனிதருக்கும் மரணம் ஏறத்தாழ நிச்சயம். வண்டி கிடைக்காமல் ஊசி தவறும் ஒவ்வொரு குட்டியும் அந்த ஆபத்தைத் தெருவுக்குக் கொண்டுவரக்கூடும். கூண்டு என்னும் சொல்லில் சிறை இருக்கிறது. கூடு என்னும் சொல்லில் குடியிருப்பு இருக்கிறது. சாரதியின் தொழுகையும் குட்டியின் உயிரும் ஒரே வண்டியில் செல்ல, நண்பர் செய்த அந்தக் கூடு இடமளித்தது. இப்போது அது வேறொரு பட்டிக்காரரின் வளவில் இருக்கிறது, வேறொரு குட்டியுடன்.