ஏற்றம்

நாகபுரி இரயில்வே குடியிருப்பில், நம் வீட்டுக் கூடத்தில், சென்ற கோடை விடுமுறையில் ஓர் இயந்திரம் உருவாயிற்று. டென்மார்க் நாட்டு லெகோ நிறுவனம் 1958-இல் காப்புரிமைக்குப் பதிந்த பிளாஸ்டிக் கட்டைகளின் வழிவந்தவையே அதன் உறுப்புகள். மோட்டார் ஒரு சங்கிலியைச் சுழற்ற, அதில் பொருத்திய சிறு அகப்பைகள் கீழேயுள்ள பந்துகளை அள்ளி மேலே கொட்ட வேண்டும்.

மோட்டாரை நேரே அச்சில் பூட்டினோம். வெறுஞ் சங்கிலி பறந்தது. பந்துகள் ஏறியதும் மோட்டார் முனகி நின்றுவிட்டது. பத்து வயது மகன் இந்தியில் அலுத்துக்கொண்டான். அவன் நம்மோடு தமிழ் பேசி நெடுநாளாயிற்று. "தமிழில் பேசு" என்று அதட்டி அதட்டி நாமும் ஓய்ந்திருந்தோம்.

மோட்டாரில் 8 பற்களுடைய சக்கரத்தையும், சங்கிலி அச்சில் 40 பற்களுடைய சக்கரத்தையும் இணைத்துப் பார்த்தோம். வேகம் ஐந்தில் ஒன்றாயிற்று. உராய்வில் கழிந்தது போக, சுழற்றும் வலிமை ஏறக்குறைய ஐந்து மடங்காயிற்று. பந்துகள் ஒவ்வொன்றாக மேலேறின.

"அப்பா, இதற்குத் தமிழில் என்ன பெயர்?" என்றான் மகன், தமிழிலேயே!

"ஏற்றம்" என்றோம். நம் பாட்டனார் கிணற்றடியில் ஏற்றமிறைத்த கதையையும் சொன்னோம்.

அன்றுமுதல் அதட்டுவதை விட்டோம். மாலைதோறும் அவனோடு தரையில் அமர்கிறோம். நாளொன்றுக்கு ஒரு சொல்லாவது மேலேறுகிறது.