கடம்பூர்ப் பெண்

வீராணம் ஏரிக்கு அருகில் பணியாற்றும் தமிழாசிரியனுக்கு ஒரு வசதி உண்டு. ‘பொன்னியின் செல்வன்’ புதினத்தின் முதல் அத்தியாயத்தை விளக்க அவன் கரும்பலகையில் எதையும் வரைய வேண்டியதில்லை. மாணவர்களை அழைத்துக்கொண்டு கரைமீது ஏறினால் போதும். ஆடிப்பெருக்கு நாளன்று வந்தியத்தேவன் குதிரைமீது வந்து வியந்து நின்ற வீரநாராயண ஏரி இதுதான். 2022ஆம் ஆண்டு ஆடிப் பதினெட்டன்று எங்கள் கிளை நூலகத்தின் சிறார் வாசகர் வட்டம் அந்தக் கரையில்தான் கூடியது. கல்கி குறிப்பிடும் எழுபத்து நான்கு கணவாய்களையும் எண்ணிவிடுவது என்று சிறுவர்கள் சிலர் ஓடினர். வெயில் ஏறியதும் எண்ணிக்கையை மறந்து, முறுக்கு வாங்கித் தின்றுகொண்டு திரும்பி வந்தனர்.

வட்டத்தில் பதினான்கு பேர். சனிக்கிழமைதோறும் கூடுவோம். திரைப்படம் செப்டம்பர் இறுதியில் வெளிவரும் என்ற செய்தி அவர்களை விரைவுபடுத்தியது. ஐந்து பாகங்கள், 293 அத்தியாயங்கள் என்றதும் பெரும்பாலோர் மலைத்தனர். ஆகவே பாகங்களைப் பங்கிட்டுக்கொண்டு, படித்தவர் படிக்காதவர்க்குக் கதை சொல்வது என்று முடிவு செய்தோம். ஐந்தையும் முழுமையாகப் படித்தவர் ஒருவரே. அவள் கடம்பூரிலிருந்து மிதிவண்டியில் வரும் எட்டாம் வகுப்பு மாணவி. கேட்டால் மட்டுமே பேசுவாள். கேட்டாலும் ஓரிரு சொற்கள்தாம்.

கடம்பூர் என்றதும் உங்களுக்குச் சம்புவரையர் மாளிகை நினைவுக்கு வரலாம். கல்கி காட்டும் கடம்பூர் எங்கள் மேலக்கடம்பூர்தான் என்பது இப்பகுதி மக்களின் உறுதியான நம்பிக்கை. மாளிகையின் சுவடு இன்று இல்லை. சக்கரங்களும் குதிரைகளும் பூட்டிய தேர் வடிவில் அமைந்த சிவன் கோயில் இருக்கிறது. அந்தக் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி அம்மாணவியின் வீடு. சம்புவரையரின் மகள் மணிமேகலையை அவள் கதைப்பாத்திரமாக எண்ணவேயில்லை; தன் ஊரில் தனக்கு முன்னால் வாழ்ந்த ஒரு பெண்ணாகவே எண்ணினாள்.

படம் வெளியான இரண்டாம் வாரம், பெற்றோர் சிலர் துணைவரச் சிதம்பரத்திற்குச் சென்று பார்த்தோம். அடுத்த சனிக்கிழமை நூலகத்தில் பேச்சு ஓயவில்லை. நாவல் ஏரிக்கரையில் தொடங்க, படம் போர்க்களத்தில் தொடங்குவது சிலருக்கு வருத்தம், சிலருக்குக் கொண்டாட்டம். குந்தவையும் நந்தினியும் எதிரெதிரே நின்ற காட்சியில் இருவர் கண்களுமே பேசிவிட்டன என்று ஒருவன் சொன்னான். பல பக்கங்களில் எழுத்தாளர் சொல்வதை ஒரு பார்வையில் சொல்லிவிட முடியும் என்பதை அவன் தானே கண்டுகொண்டதில் எனக்கு மகிழ்ச்சி. கடலில் புயல் வீசிய காட்சியைப் பற்றி எல்லாரும் ஒரே நேரத்தில் பேசியதால் எதுவும் கேட்கவில்லை.

கடைசியாக அவள் எழுந்தாள். “ஐயா, மணிமேகலை வரவில்லையே? அடுத்த படத்தில் வருவாளா?”

அந்தப் பாத்திரமே இரு படங்களிலும் இல்லை என்பதை நான் முன்பே அறிந்திருந்தேன். “வரமாட்டாள் அம்மா. ஐந்தரை மணி நேரத்திற்குள் அத்தனை பேருக்கும் இடம் ஏது? அவளை எடுத்துவிட்டாலும் கதை நிற்கும், அதனால் விட்டுவிட்டார்கள்” என்றேன். ‘சரிங்க ஐயா’ என்று உட்கார்ந்தாள். அடுத்து வந்த மூன்று சனிக்கிழமைகளிலும் அவள் வரவில்லை.

நான் சொன்னது பொய்யன்று. நீண்ட புதினத்தைப் படமாக்குவோர் எதையேனும் இழந்தே தீர வேண்டும். ‘பொன்னியின் செல்வ’னை 1958ஆம் ஆண்டிலேயே எம்.ஜி.ஆர். படமாக்க முற்பட்டுக் கைவிட்டார்; அது திரைக்கு வர அறுபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. வாரந்தோறும் இதழில் மூன்றரை ஆண்டுகள் தொடராக வந்த கதை, வாசகரை அடுத்த வாரம்வரை காக்கவைக்கக் கிளைக்கதைகளைப் பெருக்கிக்கொண்டே போகும். ஓர் அமர்வில் பார்க்கப்படும் படத்திற்கு அந்தத் தேவை இல்லை. இவையெல்லாம் எனக்குத் தெரியும். ஆயினும், ‘அவளை எடுத்துவிட்டாலும் கதை நிற்கும்’ என்ற என் சொற்றொடர் முள்ளாய்த் தைத்தது.

ஓர் இரவு ஐந்தாம் பாகத்தை மீண்டும் எடுத்தேன். உண்மையை ஒப்புக்கொள்கிறேன்: பதினைந்து வயதில் முதன்முறை படித்தபோது மணிமேகலை வரும் பக்கங்களை நான் வேகமாகப் புரட்டிக் கடந்திருக்கிறேன். பாதாளச் சிறையிலிருந்து வந்தியத்தேவன் எப்படித் தப்புவான் என்பதே அன்று என் கவலை. இயக்குநர் இன்று செய்ததை, நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே நான் செய்துவிட்டேன். அதுவும் காலநெருக்கடி ஏதுமின்றி! இம்முறை நிதானமாகப் படித்தேன். வந்தியத்தேவனைக் காப்பாற்றுவதற்காகக் கொலைப்பழியைத் தானே ஏற்க முன்வருபவள் அவள். வந்தியத்தேவன் இறந்துவிட்டான் என்று நம்பிச் சித்தம் கலங்குபவளும் அவளே. வெற்றிகளும் முடிசூட்டும் நிறைந்த அந்தப் பெருங்கதையைக் கல்கி எங்கே முடிக்கிறார்? அரண்மனையில் அன்று, அவளது மரணப்படுக்கையின் அருகே.

நான்காம் சனிக்கிழமை அவள் வந்தாள். காய்ச்சல் என்றாள். நான் மேலே கேட்கவில்லை.

அன்று ஒரு பயிற்சி வைத்திருந்தேன். கதைமாந்தர் முப்பது பேரின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதி, “நீங்களே இயக்குநர்கள். பதினைந்து பேரை மட்டும் வைத்துக்கொள்ளலாம்” என்றேன். முதலில் உற்சாகமாக அழித்தனர். இருபது பேர் எஞ்சியதும் சண்டை மூண்டது. பூங்குழலியை அழித்தவனிடம், “இலங்கைக்குப் படகை யார் ஓட்டுவது? உன் மாமாவா?” என்று ஒருத்தி கேட்டாள். சேந்தன் அமுதனை அழித்தால் நாவலின் முடிவில் அரியணை ஏறுபவர் யார் என்று கேள்வி எழுந்தது. படம் அந்த முடிச்சையே வேறுவிதமாக அவிழ்க்கப்போகிறது என்பது அப்போது அவர்களுக்குத் தெரியாது. மணிமேகலையின் பெயரை யாரும் தொடவில்லை. அவள் எதிரில் அமர்ந்திருந்தாள் அல்லவா?

அவள் முறை வந்தது. சுண்ணக்கட்டியும் துடைப்பானுமாக நெடுநேரம் நின்றாள். எதையும் அழிக்கவில்லை.

“ஐயா, நான் ஒன்று சொல்லலாமா? மணிமேகலை வந்தியத்தேவரை முதலில் பார்க்கவேயில்லை. அவள் அண்ணன் கந்தமாறன்தான் நண்பரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருக்கிறான். அதைக் கேட்டுக் கேட்டே அவள் மனத்தில் அவர் வந்துவிடுகிறார். பிறகு அண்ணனே, ‘அவனை மறந்துவிடு’ என்கிறான். அவளால் முடியவில்லை.” சிறிது நிறுத்தி, “நாங்களும் அப்படித்தானே ஐயா? யாரையும் பார்க்கவில்லை. நீங்கள் எல்லாரும் சொன்னதைக் கேட்டுத்தானே...” என்றாள்.

நூலகம் அமைதியாயிற்று. நாற்பது ஆண்டுகளில் நான்கு முறை அந்நூலைப் படித்தவன் நான். மணிமேகலையை ஒரு வாசகியாக நான் ஒருபோதும் பார்த்ததில்லை.

“அன்று நான் சொன்னது தவறு அம்மா. அவளை எடுத்துவிட்டால் நிற்பது வேறு ஒரு கதை” என்றேன். அவள் துடைப்பானை மேசைமீது வைத்துவிட்டு இடத்திற்குச் சென்றாள்.

அதனால் அவள் படத்தை வெறுத்தாள் என்று எண்ணிவிடாதீர்கள். 2023 ஏப்ரலில் இரண்டாம் படம் வந்தபோது முதல் ஆளாய் நுழைவுச்சீட்டுக்குப் பணம் கொண்டுவந்தாள். நாவலில் கரிகாலன் தன் நண்பன் பார்த்திபேந்திரனிடம் வாய்மொழியாகச் சொல்லும் இளமைக் காதல், படத்தின் தொடக்கத்திலேயே கண்முன் விரிந்ததை வியந்து வியந்து பேசினாள். “இது மட்டும் புத்தகத்தைவிட நன்றாக இருக்கிறது ஐயா” என்று தயங்கியபடியே சொன்னாள், கல்கிக்குக் கேட்டுவிடும் என்பதுபோல.

நூலகத்தில் இன்னொன்றும் நடந்தது. படம் வந்த பிறகு முதல் பாகத்தைக் கேட்டு வருவோர் பலர்; இரண்டாம் பாகத்தோடு நிற்போர் அவர்களில் பாதிக்கு மேல். எங்கள் வட்டத்துச் சிறுவர்களோ நேரே ஐந்தாம் பாகத்தைக் கேட்டார்கள். முன்கதை தெரியாமல் எப்படிப் படிப்பாய் என்று நூலகர் ஒருவனை மடக்கினார். “முன்கதையை அந்த அக்கா சொல்லிவிட்டார்கள், மணிமேகலை என்ன ஆனாள் என்று மட்டும் சொல்லமாட்டேன் என்கிறார்கள்” என்றான் அவன். ஐந்தாம் பாகம் அன்று அலமாரியில் இல்லை. அவனுக்கு முன் நான்கு பேர் காத்திருந்தனர்.